சூரியனை நம்பிப் படகு விடலாமா?

கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்து வைக்கத்திலிருந்து ஆலப்புழை மாவட்டத்துத் தவணக்கடவுக்கு, வேம்பநாட்டுக் காயலைக் குறுக்கே கடந்தால் தொலைவு சுமார் இரண்டரை கிலோமீட்டர். சாலையில் போனால் தண்ணீர்முக்கம் தடுப்பணையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கரைக்காரர்களுக்குப் படகு உல்லாசச் சவாரி இல்லை. பள்ளிக்கும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற டவுன் பஸ். பெரியார் சிறை சென்ற போராட்டத்தால் தமிழர்கள் அறிந்த வைக்கத்தின் துறையில், 2017 ஜனவரி 12 அன்று ‘ஆதித்யா’ என்ற படகு சேவைக்கு வந்தது. 75 பேர் அமரலாம். டீசல் கிடையாது. கூரையில் பதித்த சூரியத் தகடுகளும் அடியில் வைத்த பேட்டரியும்தான் அதை ஓட்டுகின்றன. இந்தியாவின் முதல் சூரிய ஒளிப் பயணிகள் படகு அதுதான்.

அதற்குப் பிறகு சோலார் படகு பற்றிய பேச்சுக்குப் பஞ்சமில்லை. அறிவிப்புகள் வருகின்றன, கொடியசைப்புகள் நடக்கின்றன. ஆனால் அடிப்படைக் கேள்வியை நிதானமாகக் கேட்டவர்கள் குறைவு. நாள்தோறும், மழையிலும் வெயிலிலும், கூட்டத்தை ஏற்றி இறக்க வேண்டிய பொதுப் போக்குவரத்துக்குச் சூரியன் போதுமா? எந்த ஆற்றில் போதும், எதில் போதாது? போதும் என்றால் ஏன் இன்னும் பெரும்பாலான துறைகளில் டீசல் புகைகிறது? இயற்பியல், ஆறு, பாதுகாப்பு, பணம் ஆகிய நான்கு பக்கங்களிலிருந்தும் இந்தக் கட்டுரை இதைப் பார்க்கிறது.

பழைய யோசனை

மின்சாரப் படகு டீசல் படகைவிட மூத்தது. 1838-இல் ரஷ்யாவில் மோரிட்ஸ் யாக்கோபி என்ற அறிவியலாளர், பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிய படகை நேவா ஆற்றில் மின்மோட்டாரால் செலுத்திக் காட்டினார். 1881-இல் பாரீஸின் சேன் ஆற்றில் குஸ்தாவ் த்ரூவே தம் மின்படகை ஓட்டினார். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மின்படகுகள் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு நீர்வழிகளில் சுற்றின. தேம்ஸ் ஆற்றிலும் அதே காலத்தில் வாடகை மின்படகுகள் ஓடின.

பிறகு ஏன் அவை மறைந்தன? காரணம் எடை. ஈய அமில பேட்டரி ஒரு கிலோவுக்கு முப்பது நாற்பது வாட்-மணி ஆற்றலைத்தான் தாங்கும். ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்ப ஆற்றலோ சுமார் 10 யூனிட். எஞ்சின் அதில் மூன்றில் இரண்டு பங்கை வீணாக்கினாலும் மிஞ்சுவதே ஏராளம். பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் வந்ததும் பேட்டரிப் படகு போட்டியிலிருந்து விலகிவிட்டது.

அதை மீட்டவை இரண்டு பொருள்கள்: மலிந்துபோன சூரியத் தகடும் லித்தியம் பேட்டரியும். ஆதித்யாவில் உள்ள 50 யூனிட் பேட்டரியை ஈய அமில வகையில் வைத்திருந்தால், அதன் கொள்ளளவில் பாதியைத்தான் நம்பிச் செலவழிக்க முடியும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட, ஏறத்தாழ மூன்று டன் சுமக்க வேண்டியிருக்கும். லித்தியத்தில் அது முக்கால் டன்னுக்குள் அடங்குகிறது. விலையும் இறங்கியது. உலகச் சந்தையில் லித்தியம் பேட்டரித் தொகுப்பின் சராசரி விலை 2024-இல் யூனிட்டுக்கு 115 டாலர் அளவுக்கு வந்தது. 2010-இன் விலையில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

ஆதித்யாவின் கணக்கு

ஆதித்யாவின் நீளம் 20 மீட்டர், அகலம் 7 மீட்டர். 75 பேர் படகுக்கு இந்த அகலம் அதிகம். அவ்வளவு அகலம் எதற்கு என்று கேட்டால் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையில் 78 தகடுகள். ஒரு தகடு சுமார் 1.65 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 129 சதுர மீட்டர் ஆகிறது; படகின் நீள அகலத்தைப் பெருக்கினால் வருவது 140. அதாவது கூரை முழுவதும் தகடுதான். முதலில் கூரைக்கு அளவெடுத்து, அதற்கேற்பப் படகைக் கட்டியிருக்கிறார்கள்.

அத்தனையும் சேர்ந்து உச்சி வெயிலில் 20 கிலோவாட் தரும். நம் பகுதி வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் கூரையின் நாள் விளைச்சல் 80 யூனிட். செலவு எவ்வளவு? மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் படகுக்குத் தேவைப்படுவது சுமார் 16 கிலோவாட். ஒரு கடப்புக்குக் கால் மணி நேரம், எனவே 4 யூனிட். நாளுக்கு 22 நடை என்றால் 88 யூனிட். வரவு 80, செலவு 88. துண்டு விழுவதை இரவில் வைக்கம் துறையில் மின்வாரிய இணைப்பு நிரப்பிவிடுகிறது. சேவை தொடங்கிய காலத்தில் இந்த மின்கட்டணம் நாளுக்கு இருநூறு ரூபாய்க்கும் குறைவு என்று சொல்லப்பட்டது. அதே தடத்தில் டீசல் படகு நாளுக்குச் சுமார் 100 லிட்டர் குடிக்கும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி ஒளிந்திருக்கிறது. நூறு லிட்டர் டீசல், எஞ்சின் இழப்பெல்லாம் போக, 250 முதல் 300 யூனிட் உழைப்பாக விசிறியைச் சென்றடையும். ஆதித்யாவோ அதே ஆட்களை அதே தொலைவுக்கு 88 யூனிட்டில் கொண்டுசேர்க்கிறது. எரிபொருளை மாற்றியதால் மட்டும் கிடைத்த லாபம் இல்லை இது. படகையே மாற்றியதால் கிடைத்தது. கேட்டமரான் எனப்படும் இரட்டை உடல் அமைப்பு, ஒவ்வொன்றும் ஒடுங்கி நீண்டு நீரைக் கத்தியாக அறுத்துக்கொண்டு போகும் உடல்; கனமான இரும்புக்கும் மரத்துக்கும் பதில் கண்ணாடியிழை; துறையில் நிற்கும்போது சும்மா ஓடி டீசலைக் கரைக்காத மோட்டார். தேவை மூன்றில் ஒன்றாகச் சுருங்கிய பிறகுதான் கூரை வெயில் அதற்கு ஈடுகொடுத்தது. பழைய படகின் தலையில் தகடுகளை மட்டும் பொருத்தியிருந்தால் மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிடும்.

ஆதித்யாவைக் கட்டிய கொச்சி நிறுவனமான நவ்ஆல்ட்டை நிறுவிய சந்தித் தண்டாசேரி, சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானம் படித்தவர். இந்தத் துறையில் இந்தியாவுக்குக் கிடைத்த முன்னேற்றம் மின்பொறியாளர்களைவிடக் கப்பல் வடிவமைப்பாளர்களால் வந்தது என்பது கவனிக்க வேண்டிய ஒன்று. 2020-இல், முன்னோடியான த்ரூவேயின் பெயரால் வழங்கப்படும் மின்படகு விருதும் ஆதித்யாவுக்குக் கிடைத்தது.

ஓட்டுகிறவர்களின் வேலையும் மாறியது. கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகுகளில் சுக்கானைப் பிடிப்பவர் ஸ்ராங்க். எஞ்சின் நடுவில் பள்ளத்தில் இருக்கும். அதன் பக்கத்தில் டிரைவர். எஞ்சின் இரைச்சலில் வாய்ச்சொல் எடுபடாது. எனவே ஸ்ராங்க் கயிற்றை இழுத்து மணியடிப்பார்; மணியோசையைக் கேட்டு டிரைவர் முன்னே, பின்னே, நிறுத்து என எஞ்சினை மாற்றுவார். துறையை அணைக்கும் அந்தச் சில வினாடிகள் இரண்டு பேரின் ஒத்திசைவை நம்பியிருந்தன. மின்படகில் ஸ்ராங்கின் கையிலுள்ள நெம்புகோலுக்கு இரண்டு மோட்டார்களும் உடனே பணிகின்றன. பயணிகளுக்கோ டீசல் நாற்றமும் அதிர்வும் இல்லாமல் பக்கத்து இருக்கைக்காரரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிறது.

வேகத்தின் விலை

இவ்வளவும் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில். அதை இருபதாக்கினால் என்ன ஆகும்? நீரில் ஓடும் படகுக்கு வேகம் இரட்டித்தால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும். 16 கிலோவாட் 128 ஆகிவிடும். நேரம் பாதியாவதால் ஒரு நடைக்கான ஆற்றல் நான்கு மடங்கு. அதே 22 நடைக்கு 352 யூனிட். கூரை தருவதோ அதே 80. சூரிய ஒளிப் படகின் எல்லையை வகுப்பது இந்தச் சின்னப் பெருக்கல்தான்.

2010 முதல் 2012 வரை சூரிய ஒளியில் மட்டும் உலகைச் சுற்றிய ‘தூரனோர் பிளானட்சோலார்’ கப்பலும் இதையே காட்டியது. 31 மீட்டர் நீளம், ஐந்நூறு சதுர மீட்டருக்கும் மேல் தகடுகள். அப்படியிருந்தும் பயணம் மெதுவாகத்தான் நடந்தது. மறுபக்கம், 2024 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் சேவைக்கு வந்த காண்டெலா பி-12 என்ற படகு, நீருக்கடியில் இறக்கைகளை விரித்து உடலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு மணிக்கு 45 கிலோமீட்டரை எட்டுகிறது. ஆனால் அது முப்பது பேர் படகு. கூரைச் சூரியனை நம்பாமல் கரையிலேயே மின்னேற்றிக்கொள்கிறது. வேகம் வேண்டும் என்றால் மின்சாரம் கரையிலிருந்துதான் வர வேண்டும்.

காயல் வேறு, ஆறு வேறு

காயலில் கிடைத்த வெற்றியை அப்படியே ஆற்றுக்கு எடுத்துப்போக முடியாது. ஆறு ஓடுகிறது. மணிக்கு 12 கிலோமீட்டர் போகும் படகு, 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்குப் போய்த் திரும்ப, நிற்கும் நீரில் இரண்டு மணி நேரம் ஆகும். நீரோட்டம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால், எதிரே போக ஒன்றரை மணி, இழுவையோடு திரும்ப முக்கால் மணி. மொத்தம் இரண்டே கால். வரும்போது கிடைக்கும் உதவி, போகும்போது பட்ட பாட்டை ஈடுகட்டுவதில்லை. வெள்ளக் காலத்தில் ஓட்டம் 8 கிலோமீட்டர் ஆனால் போக மூன்று மணி, திரும்ப 36 நிமிடம். மொத்தம் மூன்று மணி 36 நிமிடம். ஆற்றல் செலவு 80 சதவீதம் கூடிவிடும். அதே நாளில் வானமும் மூடியிருக்கும், கூரை விளைச்சல் பாதியாகக் குறைந்திருக்கும். செலவு கூடும் நாளில்தான் வரவு குறைகிறது என்பது ஆற்றுப் படகின் அடிப்படைச் சிக்கல்.

அக்கரை போய்வரும் தோணித் தடத்துக்கு இந்தத் தண்டனை குறைவு. அதே 8 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆற்றைக் குறுக்கே கடக்கும் படகு, மூக்கைச் சற்று மேலோட்டத் திசைக்குத் திருப்பி வைத்துக்கொண்டு போனால் மூன்றில் ஒரு பங்குதான் நேரம் கூடும். எனவே குறுக்குத் தடங்கள் சூரியனுக்கு ஏற்றவை. நெடுக ஓடும் தடங்கள் கடினமானவை.

ஓட்டம் போக, ஆறுகளுக்கே உரிய வேறு தொல்லைகளும் உண்டு. கோடையில் மணல்திட்டு எழும். ஆழமில்லாத நீரில் படகு இழுக்கும் சுமை கூடும். தண்ணீர்முக்கத்தில் உப்புநீரைத் தடுக்க மதகுகளை அடைத்த மாதங்களில் காயல் முழுக்க ஆகாயத்தாமரை பரவி விசிறியைச் சுற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சின் முக்கி முனகியாவது வெட்டிக்கொண்டு போகும். அளவாகத் திறன் வைத்த மின்படகுக்கு ஒவ்வொரு சிக்கலும் பேட்டரியிலிருந்து பிடித்தம். அகலக் கூரையில் காற்றும் பிடிக்கும். தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் வெள்ளக் காலத்தில் கூரை தட்டும்.

மூன்று ஊர், மூன்று வழி

முதல் வழி வைக்கம் காட்டியது: கூரையே முதன்மை மூலம், கரை மின்சாரம் துணை. பெர்லினில் 2014 முதல் நகரப் போக்குவரத்தின் பகுதியாக ஓடும் சூரிய ஒளிப் படகுகளும் குறுகிய கடப்புகளில்தான் நிற்கின்றன. பேருந்துச் சீட்டே அங்கே படகுக்கும் செல்லும்.

இரண்டாவது வழி கொச்சி. 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கப்பட்ட கொச்சி வாட்டர் மெட்ரோ, 10 தீவுகளை 78 படகுகளாலும் 38 துறைகளாலும் இணைக்கத் திட்டமிடப்பட்டது. ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடனோடு போட்ட திட்டம். மதிப்பு சுமார் 1,137 கோடி ரூபாய். கொச்சி கப்பல் கட்டும் தளம் செய்த இந்தப் படகுகளில் நூறு பேர் ஏறலாம். குளிர்சாதன வசதி உண்டு. கூரை வெயில் இதற்குக் கட்டாது. எனவே துறையிலேயே பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிரம்பிவிடும் லித்தியம் டைட்டனேட் பேட்டரியும், அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டரும் வைத்தார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் துறைகளில் நடந்தது. மிதக்கும் மேடைகள் ஏற்றவற்றத்தோடு தாமும் ஏறி இறங்குவதால், படகின் தளமும் மேடையின் தளமும் எப்போதும் சமமாக இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தையைத் தூக்கிவரும் தாயும் தாவிக் குதிக்காமல் உள்ளே வர முடிகிறது.

மூன்றாவது வழி ஈக்வடாரில் அமேசான் காட்டுக்குள் இருக்கிறது. சாலையே இல்லாத அச்சுவார் பழங்குடிக் கிராமங்களுக்குப் பெட்ரோல் விமானத்தில் வர வேண்டும். விலை யானை விலை. 2017-இல் அங்கே ‘தப்பியத்பியா’ என்ற சூரிய ஒளிப் படகு, கப்பவாரி, பஸ்தாசா ஆறுகளில் 67 கிலோமீட்டர் தடத்தில் ஒன்பது கிராமங்களை இணைக்க இறங்கியது. அப்பகுதியின் மரத்தோணி வடிவத்தையே தழுவிய ஒடுங்கிய நீண்ட உடல், மேலே தகடுக் கூரை. நெடுக ஓடும் தடம் கடினம் என்று மேலே சொன்னேன். அப்படியிருந்தும் அங்கே சூரிய ஒளிப் படகு எடுபட்டதற்குக் காரணம் மாற்று வழிகளின் விலை. ஓரிடத்தில் எரிபொருள் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்குச் சூரியன் மலிவு. இன்னொரு காரணமும் அந்த மக்கள் சொல்வது: ஆற்றுப் போக்குவரத்து நன்றாக நடந்தால் காட்டை வெட்டிச் சாலை போடுவதற்கான வாதம் பலமிழக்கும்.

2024 ஜனவரியில் அயோத்தியின் சரயுவிலும் ஒரு சூரிய ஒளிப் படகு இறங்கியது. அது சுற்றுலாவுக்கானது. சுற்றுலாப் படகுக்கு அவசரமில்லை, மழையில் நிறுத்திவிடலாம். தினசரிப் போக்குவரத்தின் சோதனையை அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

உயிர்ப் பாதுகாப்பு

2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். அளவுக்கு மீறிய கூட்டம், ஒரே பக்கம் சாயும் பயணிகள், நிலைத்தன்மை குறைந்த படகு ஆகியவை இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள். கூரைக்காக அகலமாக்கிய இரட்டை உடல் படகு எளிதில் கவிழாது. சூரியனுக்காகச் செய்த வடிவம் உயிருக்கும் காவலாக அமைந்தது.

ஆனால் பேட்டரி புதிய ஆபத்தையும் கொண்டுவருகிறது. 2019 அக்டோபரில் நார்வேயின் ‘இட்டரோய்னிங்கன்’ படகில் பேட்டரி அறை தீப்பிடித்து, மறுநாள் வெடிப்பும் நிகழ்ந்தது. அணைக்க வந்த வீரர்கள் நச்சு வாயுவால் மருத்துவமனைக்குப் போனார்கள். பேட்டரிக்குத் தனி அறை, வெப்பக் கண்காணிப்பு, தீயணைப்பு ஏற்பாடு, உப்புநீர் புகாத காப்பு ஆகியவற்றில் சிக்கனம் பார்க்கக்கூடாது. நூறாண்டு பழைய 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் நாடு முழுக்க ஒரே பதிவு, ஒரே தரம் என்று ஏற்படுத்தியிருக்கிறது. அதைத் துறையளவில் அமல்படுத்தும் ஆய்வாளர்களும், பேட்டரி தெரிந்த மெக்கானிக்குகளும் பெருக வேண்டும்.

எங்கே இடிக்கிறது?

ஆதித்யாவுக்கு ஆன விலை சுமார் 2 கோடி ரூபாய். நாளுக்கு 100 லிட்டர், ஆண்டுக்கு 330 நாள், லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் டீசல் படகின் எரிபொருள் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம். அதாவது மிச்சமாகும் டீசலே ஏழு ஆண்டுகளுக்குள் முழுப் படகின் விலையையும் அடைத்துவிடும். தகடு இருபது இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். பேட்டரியை இடையில் ஓரிரு முறை மாற்றினாலும் கணக்கு கவிழாது. லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் ஆண்டுக்கு எண்பது டன்னுக்கு மேல் கரியமில வாயு மிச்சமாவதும், காயலில் எண்ணெய்ப் படலம் படியாததும் இந்தப் பணக்கணக்கில் வராத லாபங்கள்.

அப்படியிருந்தும் பரவல் மெதுவாக நடப்பதற்குக் காரணம், அரசு டெண்டரின் பழக்கம். குறைந்த விலை சொன்னவரான எல்-1-க்கே ஆர்டர் என்ற முறையில், படகின் வாங்கும் விலைதான் ஒப்பிடப்படுகிறது. இருபது ஆண்டு எரிபொருள் செலவு வேறு தலைப்பில், வேறு ஆண்டு பட்ஜெட்டில் வருகிறது. மலிவாக வாங்கி விலையுயர்வாக ஓட்டுவதற்கு விதியே வழிசெய்கிறது. தனியார் படகுக்காரருக்கோ முதலில் போட வேண்டிய தொகைக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. டீசலை அன்றாட வசூலில் வாங்கிக்கொள்ளலாம். இருபது ஆண்டுக்கான வெயிலை இன்றே விலைகொடுத்து வாங்குவது போலாகிறது சோலார் படகு.

முடிவு

ஐந்து கிலோமீட்டருக்குள், மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் போதுமான, நாளெல்லாம் பல நடை போகிற அமைதியான நீர்த்தடங்களில் சூரிய ஒளிப் படகு பற்றிய விவாதம் முடிந்துவிட்டது. அங்கே புதிதாக டீசல் படகு வாங்குவதற்கு நியாயமே இல்லை. நூறு பேருக்கு மேல் ஏற்றும் வேகமான நகரத் தடங்களுக்குக் கரையில் மின்னேற்றும் பேட்டரிப் படகே பொருத்தம்; அங்கே சூரியனின் இடம் படகின் தலையில் இல்லை, துறையின் கூரையில். வெள்ளம் பாயும் நீண்ட ஆற்றுத் தடங்களில் கூரை வெயில் தனியே போதாது; சாலையும் எரிபொருளும் எட்டாத இடங்களில் மட்டும் அது தாக்குப்பிடிக்கும்.

எனவே அரசுகளிடம் கேட்க வேண்டியது மூன்று. டெண்டரில் இருபது ஆண்டு ஓட்டச் செலவையும் சேர்த்து விலையை ஒப்பிடுங்கள். படகு வாங்கும் முன் தடத்தின் நீரோட்டம், ஆழம், பாலத்தின் உயரம் ஆகியவற்றை ஓராண்டு அளந்து வையுங்கள். படகுக்கு ஒதுக்கும் பணத்தோடு, ஏற இறங்கச் சமமான துறைக்கும் மின் இணைப்புக்கும் சேர்த்தே ஒதுக்குங்கள். இந்த மூன்றும் இல்லாமல் கொடியசைத்து இறக்கிவிடும் சோலார் படகு, அடுத்த மழைக்காலத்துக்குள் துறையில் கட்டிக்கிடக்கும்.